இடையில் நின்ற உலை

2022 பெப்ரவரி 23, புதன்

இன்றைக்கும் மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. மின்கலங்களை மின்னேற்றி இறக்கிச் சோதிக்கும் கருவி கொஞ்ச நேரம் பற்றறிப் பெட்டியில் ஓடிவிட்டு, கீச் கீச்சென்று கத்தி அணைந்தது. இத்தனை நாளாக ஓடிய சோதனை அதோடு சரி. மறுபடி முதலிலிருந்து.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் கிறிஸ்ரோபர் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். நான் மேசையில் தலையை வைத்தேன்.

பெப்ரவரி 27

முனாஸ் தொலைபேசியில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வழமையானதுதான்: ஆராய்ச்சி எப்போது முடியும்?

முடியும் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது.

கலியாணம் செய்தவர்கள் இப்படியும் வாழலாமா என்று உம்மா கேட்கிறா. அவர் புத்தளத்தில் கணிதம் படிப்பிக்கிறார், நான் யாழ்ப்பாணத்தில் மின்கலம் செய்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எங்களையெல்லாம் இங்கேயிருந்து வெளியேற்றியபோது அவருக்கு ஆறு வயது. நான் கைக்குழந்தை. எனக்கு நினைவில்லை, அதனால் திரும்பி வருவது எனக்குச் சுலபமாக இருந்தது. வாப்பாவின் வீட்டுக்குக் கூரை போட்டு உம்மாவோடு வந்து குடியேறிவிட்டேன். அவருக்கு நினைவிருக்கிறது. "அந்த ஊரில எனக்கு ஒண்டும் இல்லை" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவும் விடமாட்டார்.

மார்ச் 5

சமையல் காஸ் இல்லை. உம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைக்கிறா. புகைக்குள் இருந்துகொண்டே, நீ அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டா.

சொன்னேன். உமியைக் கழுவி எரித்தால் வெள்ளைச் சாம்பல் வரும். அதோடு மகனீசியத் தூளைக் கலந்து, காற்றுப் படாமல் ஆகன் வாயுவுக்குள் உலையில் சூடாக்கினால் சிலிக்கன் வரும். கண்ணுக்குத் தெரியாத நனோ துணிக்கைகள், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக. அதைச் செப்புத் தகட்டில் பூசினால் மின்கலத்தின் ஒரு மின்வாய். இப்போது தொலைபேசிக்குள் இருக்கும் பென்சிற்கரி பிடிப்பதைவிடப் பல மடங்கு இலிதியத்தைச் சிலிக்கன் பிடிக்கும்.

"அப்ப நல்லதுதானே. ஏன் இன்னும் முடியேல்லை?"

பிடிக்கும்போது ஊதிவிடும் உம்மா. விடும்போது சுருங்கும். ஊதி ஊதிச் சுருங்கி வெடித்துத் தூளாகி, தகட்டை விட்டுக் கழன்றுபோய்விடும். உள்ளே ஓட்டைகள் போதுமான அளவு இருந்தால் ஊதுவதற்கு இடமிருக்கும், வெடிக்காது. அந்த ஓட்டைகளைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

உம்மா விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சிரித்தா. ஓட்டையைத் தேடியா பிள்ளை இவ்வளவு படிச்சனீ என்று.

மார்ச் 14

மாமிக்குச் சுகமில்லை. நாளை புத்தளம் போகிறேன். பஸ் இருந்தால்.

இருக்கிற கடைசி மகனீசியத்தைக் கிறிஸ்ரோபரிடம் கொடுத்தேன். இனி எப்போது இறக்குமதி வருமோ தெரியாது. சிவகௌரி மிஸ் அவனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னா, உலை சுடும்போது மின்சாரம் நின்றால் அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், அரைகுறையாக வெந்ததை வைத்துக்கொண்டு முடிவு எழுதக்கூடாது என்று. மிஸ் அப்படித்தான். வெளிநாட்டில் நல்ல வேலையை விட்டு வந்து, இந்த ஆய்வுகூடத்தை ஒவ்வொரு குழாயாகப் பூட்டி நிறுத்தியவ. அளவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்களுக்கு முன்னமே கதவைத் திறந்து வைத்திருப்பா. பிழையைப் பொறுக்கமாட்டா. அதற்காகவே நான் அவவிடம் சேர்ந்தேன்.

மார்ச் 22

வந்துவிட்டேன். மாமி பரவாயில்லை. முனாஸ் பஸ் வரைக்கும் வந்தார், பையை ஏற்றித் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மேசையில் சின்னப் போத்தலில் மண்ணிறத் தூள். கிறிஸ்ரோபர் செய்து கழுவி உலர்த்தியும் வைத்துவிட்டான். எல்லாம் சரியா என்று கேட்டேன். "ஓம் அக்கா" என்றான். களைத்துப் போயிருந்தான். பாசையூரிலிருந்து இந்த வெயிலுக்குள் சைக்கிள்.

ஏப்ரல் 19

நோன்பு. தண்ணீர் விடாய். கண் இருட்டுகிறது. ஆனாலும் இதை எழுதவேண்டும்.

கிறிஸ்ரோபரின் தூளில் செய்த கலம் வெடிக்கவில்லை. மற்றவை இந்நேரம் செத்துப்போயிருக்கும். இது ஓடுகிறது. இடையிடையே மின்சாரம் நின்று நின்று வந்தும், விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. கொள்ளளவு விழாமல், திரையில் கோடு தரையோடு சமாந்தரமாகப் போகிறது. நான் அப்படி ஒரு கோட்டை மற்றவர்களின் கட்டுரைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

மிஸ் திரைக்கு முன்னால் நின்றா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. திரும்பப் போட்டா. "றுக்ஷானா, வடிவாய் இருக்கு" என்றா. அவ ஒரு பொருளை வடிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் 27

பெற்றோல் இல்லை. பஸ் இல்லை. நானும் சைக்கிள்தான். கோப்பாயில் ஒரு விரிவுரையாளர் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இரவல் கிடைத்தது. பிறேக் இல்லை, காலை ஊன்றித்தான் நிற்பாட்டவேண்டும்.

கிறிஸ்ரோபருக்கு ஜேர்மனியில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மிஸ்ஸின் சிபாரிசும், இந்தக் கலமும். சந்தோசப்பட்டேன். உண்மையாகவே. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு மாதிரி இருந்தது. எங்கள் மாடியில் இந்த வருடம் மட்டும் எத்தனை பேர் அறைகளைப் பூட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள்.

ஜூலை 20

கட்டுரை அனுப்பியாயிற்று. மூன்று பேர் பெயர். நாடு கிடக்கிற கிடையில் யார் வாசிக்கப் போகிறார்கள். ஆனாலும் அனுப்பியாயிற்று.

ஓகஸ்ட் 11

கிறிஸ்ரோபர் போனான். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "கவனமா இருங்கோ அக்கா" என்றான். அழுகிறானோ என்று நினைத்து நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஒக்ரோபர் 6

கட்டுரையை மதிப்பிட்டவர்களின் பதில் வந்தது. மோசமில்லை. ஒரேயொரு கேள்வி: இது ஒரு தடவை செய்த தூள். புதிதாகச் செய்து, பல கலங்களில் காட்டுங்கள்.

நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

மகனீசியம் ஒருவழியாகக் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பீடத்துக்கு ஜெனறேற்றரும் வந்திருக்கிறது. இனி உலை நடுவில் நிற்காது. நல்ல காலம்தான் என்று மிஸ் சொன்னா.

நவம்பர் 4

புதுத் தூளில் செய்த கலங்கள் எல்லாமே ஒரு கிழமைக்குள் செத்துவிட்டன.

நவம்பர் 26

திரும்பவும் அதேதான்.

கை சரியில்லையா? எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். உமி, கொடிகாமத்துப் பக்கம் அதே அரிசி ஆலையில் எடுத்தது. அமிலம் புதுப் போத்தல். தராசைச் சரிபார்த்தேன். கலம் செய்யும் கையுறைப் பெட்டிக்குள் காற்றுப் போகிறதோ என்று ஒவ்வொரு பூட்டாகத் தடவினேன். எல்லாம் முன்னையதைவிடத் திறமாக இருக்கிறது. ஜெனறேற்றர், நல்ல அமிலம், நிற்காத உலை. முடிவு மட்டும் நாசம்.

கிறிஸ்ரோபருக்கு எழுதிக் கேட்டேன், ஏதாவது வித்தியாசமாகச் செய்தீரா என்று. இல்லை அக்கா, வழமை மாதிரித்தான் என்று பதில் போட்டிருக்கிறான். அங்கே பனி கொட்டுகிறதாம்.

டிசம்பர் 18

திரும்பவும். இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

2023 ஜனவரி 12

மிஸ் கூப்பிட்டா. கதவைச் சாத்தச் சொன்னா. அந்த அறைக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"றுக்ஷானா, நான் ஒண்டு கேப்பன். உண்மையைச் சொல்லுங்கோ. அந்த முதல் கலத்தின்ரை தரவிலை ஏதும் கை வைச்சனீங்களோ?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. எந்தக் கை? பிறகுதான் விளங்கியது.

"இல்லை மிஸ்."

"தூள் கிறிஸ்ரோபர் செய்தது. கலத்தைப் பூட்டினதும் தரவை எடுத்ததும் நீங்கள். அப்ப ஏன் திரும்ப வரேல்லை?"

"தெரியாது மிஸ்."

அவ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றா. திரும்பச் செய்து காட்ட முடியாத ஒன்றுக்குத் தன் பெயரைப் போடமாட்டாவாம்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறினேன். பூட்டை எடுக்காமல் ஏறி மிதித்திருக்கிறேன்.

ஜனவரி 13

கிறிஸ்ரோபரிடம் இப்படிக் கேட்டிருப்பாவா? என்னிடம் மட்டும் கேட்கத் தோன்றியதற்கு வேறு காரணம் ஏதும் இருக்குமா? சீ, மிஸ் அப்படியான ஆள் இல்லை. இல்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கு இந்தக் கேள்வி வருகிறதே, வராமல் இருக்கிறவர்கள் எவ்வளவு இலேசாக நடந்து திரிவார்கள்.

பெப்ரவரி 9

முனாஸுக்கு நானே எடுத்தேன். விட்டுவிட்டு வாறேன் என்றேன். மார்ச் முடிய.

"என்ன நடந்தது?" என்றார். சொன்னேன். நான் பொய்க்காரி என்று நினைக்கிறார்கள் என்றேன். அழக்கூடாது என்றுதான் எடுத்தேன். முடியவில்லை.

தன் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். கேட்டுச் சொல்கிறாராம். அவர் குரலில் சந்தோசம் இருக்கவில்லை. அது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

மிஸ்ஸிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். வாசித்தா. மடித்து மேசையில் வைத்தா. அவ்வளவுதான்.

பெப்ரவரி 20

இப்போது மின்வெட்டே இல்லை. நாள் முழுக்க மின்சாரம் இருக்கிறது. போன வருடம் இதற்காக என்னவெல்லாம் நேர்ந்தோம். எனக்கு இனி எதற்கு.

மார்ச் 7

கிறிஸ்ரோபர் எடுத்தான். சும்மா சுகம் விசாரிக்க. அறை சின்னது, சாப்பாடு பிடிக்கவில்லை, தனக்கு அங்கேயும் சிலிக்கன்தான், இப்படியே கதை போனது. நான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். ஏன் என்றான். மிஸ் கேட்டதையும் சொன்னேன்.

தொடர்பு போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன்.

"அக்கா, அண்டைக்கு உலை நிண்டது" என்றான்.

என்றைக்கு என்றேன்.

நான் புத்தளம் போயிருந்த அன்றைக்கு. உலை ஏறிக்கொண்டிருக்கும்போது பாதி வழியில் மின்சாரம் போயிற்றாம். கன நேரம் வரவில்லை. ஆகன் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்ததாம். மின்சாரம் வந்த பிறகு, கொட்டாமல், திரும்பவும் உலையைப் போட்டு முடித்திருக்கிறான்.

"மகனீசியம் அவ்வளவுதான் இருந்தது. கொட்ட மனம் வரேல்லை அக்கா. திரும்ப அந்த வெயிலுக்குள்ளை வந்து, திரும்பக் கழுவி, திரும்ப… ஏலாமல் போச்சு. பிறகு கலம் நல்லா வந்திட்டுது. அப்ப சொல்லப் பயமாய் இருந்தது. நீங்கள் எழுதிக் கேட்டனீங்கள் எல்லோ, அப்பவும்…"

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. சத்தம் போடவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வேலையும் இருக்கவில்லை.

மார்ச் 8

விடிய எழும்பியதும் விளங்கிவிட்டது. பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது.

மகனீசியமும் சாம்பலும் சேரும்போது அதுவாகவே சூட்டைக் கக்கும். நிற்காமல் மேலே ஏற்றினால் எல்லாம் ஒரேயடியாகப் பற்றி, உள்ளே இருக்கிற ஓட்டைகள் உருகி அடைந்துவிடும். பாதி வழியில் உலை நின்றதால் பாதி மெல்ல மெல்ல வெந்து ஆறிவிட்டது. மிச்சம் இரண்டாம் தடவை வெந்தது. ஓட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. எங்களுக்கு நல்லது செய்தது மின்வெட்டு. ஜெனறேற்றர் வந்ததுதான் எங்களுக்கு வந்த கேடு.

சிரிப்பு வந்தது. உம்மா எட்டிப் பார்த்தா. பிறகு சரியான கோபம் வந்தது. இத்தனை மாதம்! இத்தனை மாதம் நான் தராசைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு வரி எழுதியிருக்கலாம் அவன். ஒரே ஒரு வரி.

நானே ஒருக்கா உலையை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஆகன் சிலிண்டர் வெறுமையாய்க் கிடக்கிறது. கொழும்பிலிருந்து வரவேண்டும்.

மார்ச் 10

கிறிஸ்ரோபருக்கு எடுத்தேன். மிஸ்ஸிடம் நீர்தான் சொல்லவேண்டும் என்றேன். நான் போய்ச் சொன்னால், போகிற நேரத்தில் ஒருத்தன் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் இருக்கும்.

மிஸ்ஸின் சிபாரிசில்தானே தான் அங்கே நிற்பது, அவ அங்குள்ளவர்களுக்கு எழுதிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். எழுதலாம், எனக்குத் தெரியாது என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

மார்ச் 15

முனாஸிடம் சொன்னேன், மார்ச் முடிய வரமுடியாது, இன்னும் கொஞ்ச நாள் என்று. காரணமும் சொன்னேன். "அப்ப அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் என்ன சொல்றது?" என்றார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

சரி என்று வைத்தார். இந்த ஞாயிறு எடுக்கமாட்டார், அடுத்த ஞாயிறும் எடுக்கமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

ஏப்ரல் 2

நோன்பு. முனாஸ் எடுக்கவில்லை. கிறிஸ்ரோபர் எழுதவில்லை. மிஸ் காலையில் தலையாட்டுகிறா, நானும் ஆட்டுகிறேன். என் கடிதத்தை ஏன் இன்னும் மேலே அனுப்பவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எதையாவது ஒன்றை யாராவது ஒருவர் சொல்லித் தொலைத்தால் என்ன.

ஏப்ரல் 17

கிறிஸ்ரோபர் மிஸ்ஸுக்கு எழுதிவிட்டான். எனக்கும் பிரதி. நீண்ட மின்னஞ்சல். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் நேரிலும் பிறகு எழுதியும் கேட்டபோது தான் பொய் சொன்னதைக்கூட எழுதியிருக்கிறான். கடைசி வரி: "றுக்ஷானா அக்காவில் ஒரு பிழையும் இல்லை."

மிஸ் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. நானும் போகவில்லை. பொழுதுபட வீட்டுக்கு வந்து உம்மா காய்ச்சிய கஞ்சியோடு நோன்பு திறந்தேன்.

ஏப்ரல் 22, பெருநாள்

முனாஸ் வந்து நிற்கிறார்! சொல்லாமல் கொள்ளாமல். விடியற்காலை பஸ்ஸில். பையில் உம்மாவுக்குப் புடவை. எனக்கு ஒன்றும் இல்லை, மறந்துவிட்டாராம்.

தொழுகை முடிந்து தனியாக எங்கேயோ போய் வந்தார். தங்கள் வீடு இருந்த இடத்தைப் பார்த்தாராம். "அங்க இப்ப வாகனம் கழுவுறாங்க" என்றார். சாப்பிட்டார். இன்னொரு தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 25

இன்றைக்கு அவரை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்க்கவேண்டும் என்று அவர்தான் கேட்டார்.

கருவிகளைக் காட்டினேன். செத்துப்போன கலங்களைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் அவை. "இதுக்காகவா?" என்றார். ஏளனமாக இல்லை, கணக்கொன்று விளங்காத பிள்ளை கேட்கிற மாதிரி. ஓம், இதுக்காகத்தான் என்றேன். பழைய கலத்தின் கோட்டையும் புதியவற்றின் கோடுகளையும் திரையில் போட்டுக் காட்டினேன். அவர் கணித வாத்தியார், கோடு என்றால் விளங்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மிஸ் உள்ளே வந்தா. நான் எழும்பி இன்னார் என்று சொன்னேன். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னா:

"உங்கடை மனிசி பொய் சொல்லேல்லை. நான்தான் பிழையாய் நினைச்சனான். கேக்கக்கூடாத ஒரு வார்த்தையைக் கேட்டிட்டன்."

முனாஸ் "பரவாயில்லை மிஸ்" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. மிஸ் தலையாட்டிவிட்டுத் திரும்பினா. வாசலில் நின்று, என்னுடைய கடிதத்தைக் கிழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனா.

திரும்பி வரும்போது முனாஸ்தான் சைக்கிளை உருட்டினார். நான் பக்கத்தில் நடந்தேன். சந்தியில் வைத்து, "முடிச்சிட்டு வா" என்றார். கொஞ்சத் தூரம் போய், "இல்லாட்டி முடிக்காமலே இரு, பாப்பம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் அதைத் திரும்பப் பெற்றுவிடுவார் என்று பயம்.

ஜூன் 1

ஆகன் வந்தது. இன்றைக்கு உலை.

மிஸ் கதிரையைக் கொண்டுவந்து உலைக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தா. வெப்பநிலை ஏற ஏறப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிறிஸ்ரோபர் சொன்ன இடம் வந்தது. நான் உலையின் சுவிச்சில் கையை வைத்தேன். அணைக்க முடியவில்லை. இத்தனை வருடம் அது அணைந்துவிடக்கூடாது என்றே இருந்த கை.

மிஸ் எழும்பி வந்து தானே அணைத்தா. "போய்ச் சாப்பிடுவம்" என்றா.

இருவரும் சிற்றுண்டிச்சாலையில் இருந்து சாப்பிட்டோம். அவவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதாம். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது.

ஜூலை 9

ஓடுகின்றன. எல்லாமே ஓடுகின்றன. எழுதவே பயமாக இருக்கிறது, திரும்பவும் ஏதாவது ஆகிவிடுமோ என்று. சந்தோசப்பட உடம்பில் தெம்பில்லை. நாளைக்குப் படுவேன்.

செப்ரெம்பர் 3

புதிய கட்டுரை. பாதியில் நிறுத்தி ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்குவதுதான் இப்போது முறையே. அது எப்படித் தெரியவந்தது என்பதையும் உள்ளபடி எழுதியிருக்கிறோம்.

பெயர்களில் மிஸ்ஸோடு கொஞ்சம் வாக்குவாதம். கிறிஸ்ரோபரின் பெயர் வேண்டாம் என்றா. பொய் சொன்னவன் பெயரோடு தன் பெயர் போகக்கூடாதாம். அவன் படிக்கும் இடத்துக்குத் தான் ஒன்றும் எழுதிப் போடவில்லை, அது போதும் என்றா.

எனக்கும் அவன் மேல் கோபம் போகவில்லை. போகுமோ தெரியாது. அவன் எடுத்தால் கதைக்கிறேன், நானாக எடுப்பதில்லை. ஆனாலும் அவனுடைய பெயர் வரவேண்டும் என்றேன். "அவன் அதைக் கொட்டியிருந்தால் எங்களிட்டை இண்டைக்கு ஒண்டும் இல்லை மிஸ்."

மிஸ் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தா. அப்போ முதல் பெயர் நீங்கள், நடுவில் அவன், கடைசியில் தான் என்றா. நான் விட்டுக்கொடுத்தேன். அவவும் விட்டுக்கொடுத்தா என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 28

மழை. வீட்டுக்குள் ஒழுக்கு. உம்மாவுக்கு இருமல். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது, அடுக்களையில் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது.

முனாஸுக்குத்தான் முதலில் சொன்னேன். "நல்லது" என்றார். பிறகு, இந்த இடமாற்றப் படிவத்தில் விருப்பப் பாடசாலை என்று மூன்று கேட்டிருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் எந்தப் பள்ளிக்கூடம் உன் வீட்டுக்குக் கிட்ட என்று கேட்டார். ஏதோ சாமான் வாங்கக் கடை கேட்கிற மாதிரி.

சட்டி நிரம்பி வழிந்தது.

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

இன்றைக்கு ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை, கலங்கள் தங்கள்பாட்டில் ஓடும். காலைச் சாப்பாடு முடிந்து படுத்தவள் மத்தியானம்தான் கண் விழித்தேன். யாரும் எழுப்பவில்லை.

இடமாற்றம் கிடைத்து வந்துவிட்ட முனாஸ் கிணற்றடியில் நின்று உம்மாவிடம் முறைப்பாடு. இது என்ன தண்ணி மாமி, எவ்வளவு தேய்ச்சாலும் சவுக்காரம் நுரைக்குதில்லை, இந்த ஊர்ச் சனம் எப்பிடித்தான் குளிக்குதோ என்று. பழகிவிடும் என்று உம்மா சொல்வது கேட்டது.

நான் திரும்பிப் படுத்தேன்.